முதலாளியின் குரல்

அம்பேபுஸ்ஸவில் கண்டி வீதியை விட்டுப் பிரிந்து, குருநாகலைத் தொட்டு, தம்புள்ளையையும் ஹபரணையையும் கடந்து, திருகோணமலையிலே சென்று முடியும் ஏ-6 பெருவீதியின் மேல் அமைந்திருக்கும் கலேவெலவின் கடைத்தெரு, அந்த வீதியையே நம்பிப் பிழைப்பது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி கொண்டுபோகும் லொறிகளும், அங்கிருந்து ஏற்றிக்கொண்டு கொழும்புப் பக்கம் திரும்பும் லொறிகளும், கிழக்குக் கரையை நோக்கி ஓடும் பஸ்களும் அதன் ஊடாக இரவும் பகலும் போய்க்கொண்டிருக்கின்றன. தேநீருக்கும் சோற்றுக்கும் டயருக்கும் இறங்குகிறவன் ஒருவன். சுற்றுக் கிராமங்களிலிருந்து விதைக்கும் உரத்துக்கும் பெருநாள் உடுப்புக்கும் வருகிறவன் மற்றொருவன். இப்படி இருவகை வாடிக்கைக்காரர் அவ்வூர்க் கடைகளுக்கு உண்டு. இவர்களை அழைப்பதற்குப் பெயர்ப்பலகையும், துண்டுப்பிரசுரமும், ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டியும் போதும் என்றிருந்த காலம் போய், முகநூற் பக்கமும் வட்ஸ்அப் குழுவும் வந்து சேர்ந்தன. இப்போது அவற்றோடு பொட்காஸ்ட் என்று வழங்கும் வலையொலியையும் சிறு வியாபாரி கைக்கொள்ள வேண்டும் என்ற உபதேசம், கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் கைத்தொலைபேசி வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆரவாரம் என்று நிறுத்துப் பார்ப்பது அவசியம். ஏனெனில் சிறு முதலாளியிடம் வீணாக்குவதற்குப் பணம் குறைவு, நேரம் அதனினும் குறைவு.

வலையொலி மிக எளிய ஓர் ஏற்பாடு. ஒருவர் பேசிப் பதிவு செய்த ஒலியை இணையத்தில் ஓரிடத்தில் வைத்து, புதிய பதிவு வந்திருக்கிறது என்பதைச் சந்தாதாரர்களின் கருவிகளுக்குத் தானாகவே தெரிவிக்கும் பட்டியல் ஒன்றை அதனோடு இணைத்துவிட்டால் காரியம் முடிந்தது. 2004ஆம் ஆண்டளவில் பெயர் பெற்று, 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் இடமளித்ததன் பின் உலகெங்கும் பரவிய இந்த முறைக்கு அலைவரிசை வேண்டாம், கோபுரம் வேண்டாம், யாரிடமும் போய்க் கைகட்டி நிற்கவும் வேண்டாம். இந்தச் சுலபத்தையே இதன் முதற் சிறப்பாக எல்லோரும் எடுத்துரைக்கிறார்கள். நமக்கோ இதுவே முதற் சங்கடமாகத் தோன்றுகிறது. நுழைவு எளிதாயிருக்கும் இடத்தில் கூட்டம் பெரிதாகும். கூட்டம் பெரிதாகும் இடத்தில் சிறியவனின் குரல் எடுபடாது. உற்சாகத்தோடு தொடங்கி, ஐந்தாறு பதிவுகளிலேயே மௌனமாகிவிட்ட நிகழ்ச்சிகள் இணையத்தில் கணக்கற்றுக் கிடப்பதற்குக் காரணம் சோம்பல் மாத்திரமன்று. பேசியவருக்குத் தம் பேச்சு எவர் காதையும் எட்டவில்லை என்பது வெகு சீக்கிரம் தெரிந்துபோகிறது.

ஆயினும், குரலை வியாபாரத்துக்குத் துணையாக்கும் வித்தையை இலங்கைக்குக் கற்றுக்கொடுக்க வேறொரு தேசம் வரவேண்டியதில்லை. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் நேசநாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட சீயாக் வானொலியின் வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பி, 1949இல் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தபோது, அதன் வீச்சு இந்தத் தீவின் தேவைக்கு எவ்வளவோ மிஞ்சியதாயிருந்தது. 1950இல் தொடங்கிய ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை அந்த மிகுதியையே முதலாக்கிக்கொண்டது. மறுகரையிலோ, 1952இல் ஒலிபரப்புத்துறை அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தார். அவர் சாஸ்திரிய சங்கீதத்துக்குச் செய்த உபகாரத்தைப் பற்றிப் பல அபிப்பிராயங்கள் உண்டு; கொழும்பு வானொலிக்குச் செய்த உபகாரத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. அதே ஆண்டில், பினாக்கா பற்பசையைத் தயாரித்த சீபா நிறுவனத்தின் ஆதரவில், அமீன் சயானியின் குரலில் பினாக்கா கீத்மாலா பிறந்தது. பம்பாயில் பதிவாகி, விமானத்தில் கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகி, மறுபடியும் இந்திய வீடுகளின் கூடத்தில் கேட்ட அந்த நிகழ்ச்சியில் பற்பசையின் குணங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் சொற்பம். எஞ்சிய நேரமெல்லாம் கேட்பவன் ஆவலோடு காத்திருந்த பாடல்களுக்கும், அவற்றின் வரிசையில் எது ஏறியது எது இறங்கியது என்ற செய்திக்கும், சகோதரிகளே, சகோதரர்களே என்று நேருக்கு நேர் பேசுவதுபோல் அழைத்த அந்தக் குரலின் இங்கிதத்துக்குமே உரியதாயிருந்தது. விற்கிறவன் முதலில் கொடுத்தான், வெகுநேரம் கொடுத்தான், அதன் பின்னரே தன் பெயரைச் சொன்னான்.

தமிழ் வர்த்தக சேவையின் சரித்திரமும் இதற்கு வேறானதன்று. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் முதலானோரின் குரல்கள் பாக்கு நீரிணைக்கு இருபுறத்திலும் வீட்டு மனிதரின் குரல்களாகவே மதிக்கப்பட்டன. காலையிலே பொங்கும் பூம்புனல் கேட்டுக்கொண்டு அடுப்பு மூட்டிய வீடுகளும், நேயர் விருப்பத்தில் தங்கள் ஊர்ப்பெயர் வாசிக்கப்படுகிறதா என்று வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த குடும்பங்களும் எத்தனையோ. வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய கிராமமொன்றின் பெயரைத் தேசமறிந்த ஒரு குரல் தெளிவாக உச்சரித்தபோது அக்கிராமத்தவருக்கு உண்டான பூரிப்பை, எந்த விளம்பர நிறுவனமும் விலைக்கு வாங்கியிருக்க முடியாது. இந்தப் பெயர் சொல்லும் பண்பைத்தான், இன்றைய வலையொலி உபதேசிகள் புதிதாகக் கண்டுபிடித்தவர்கள்போல நமக்கு எடுத்துச் சொல்லுகிறார்கள்.

ஆனால் அந்தப் பழைய வெற்றியையும் இன்னொரு பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். பினாக்கா என்ற பற்பசை சிபாக்கா எனப் பெயர் மாறி, 1994இல் கோல்கேட்டின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் கீத்மாலா என்றதும் இன்றைக்கும் முதியவர்களின் வாயில் முன்வந்து நிற்பது பினாக்கா என்ற பெயரே. பெயர் மாறிப்போன சரக்கின் பழைய பெயர் நெஞ்சில் நிலைத்து நிற்பதை விளம்பரக் கலையின் வெற்றி என்பதா, வியாபாரத்தின் தோல்வி என்பதா? அதற்கும் மேலாக ஒன்று. மக்கள் நேசித்தது சயானியின் குரலை. 1989இல் அந்நிகழ்ச்சி அகில இந்திய வானொலியின் விவித பாரதிக்கு இடம் மாறியபோது நேயர்கள் பின்தொடர்ந்ததும் அந்தக் குரலையே. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீத் புகழ்பெறச் செய்த பாட்டுக்குப் பாட்டு, பிற்காலத்தில் சன் தொலைக்காட்சியில் ஒரு நகைக்கடையின் பெயரை முன்னே சூடிக்கொண்டு வந்தபோதும், ஜனங்கள் காண வந்தது அவரையே. குரல் எவருடையதோ அவரிடமே அபிமானம் போய்ச் சேர்கிறது. பணம் கொடுத்தவரின் பெயர் அந்த அபிமானத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே, கலேவெலவில் ஒரு புடவைக்கடை முதலாளி, நன்றாகப் பேசத்தெரிந்த இளைஞன் ஒருவனைச் சம்பளத்துக்கு அமர்த்தி நிகழ்ச்சி நடத்துவாரானால், அந்த இளைஞனுக்கே அவர் முதலீடு செய்கிறார் என்பதை அறிந்து செய்ய வேண்டும். அவன் நாளை குருநாகலில் வேறொரு கடைக்குப் போனால், நேயர்களும் அவனோடு போவார்கள். முதலாளியே பேசுவதுதான் இதற்குப் பரிகாரம். அவருக்குப் பேசத் தயக்கம் இருக்கலாம், சொற்கள் இடறலாம். அந்தத் தயக்கத்தோடு கூடிய குரல், கடை அவருடையது என்பதற்கு அத்தாட்சியாகவும் நிற்கும்.

வானொலிக்கும் வலையொலிக்கும் உள்ள பேதத்தை உபதேசிகள் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள், அல்லது உணர்வதில்லை. வானொலிக்கு ஒரு பொதுவான வேளை இருந்தது. அந்த நாளில், அந்த நாழிகையில், விரும்பியவனும் விரும்பாதவனும் ஒரே ஒலியைக் கேட்டார்கள். தேநீர்க்கடையில் உட்கார்ந்தவன், பக்கத்து வீட்டு மதிலருகே நின்றவள், பஸ்ஸில் அகப்பட்டுக்கொண்டவன் ஆகிய எல்லோரும், தேடாமலே, ஒரு பொருளின் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். வலையொலியிலோ கேட்பவன் தானே தேடி, தானே தேர்ந்து, தானே விசையை அழுத்த வேண்டும். தற்செயலாக வந்து விழும் காது அதற்கு இல்லை. பெருவீதியின் ஓரத்தில் வழிப்போக்கரை நம்பிக் கடை வைத்துப் பழகிய ஊருக்கு இது முற்றிலும் அந்நியமான நிலைமை. பஸ் நிற்காத இடத்திலே கடை போட்டதற்கே இதனை ஒப்பிடலாம். ‘கலேவெலவில் நல்ல சாப்பாட்டுக்கடை எது’ என்று வண்டியை ஓட்டிக்கொண்டே விசாரிப்பவன் கூகுள் வரைபடத்தைப் பார்ப்பான். அதிலே கடையின் பெயரும், திறந்திருக்கும் நேரமும், நான்கு நல்ல படங்களும் இருந்தால் திரும்புவான். அவன் அரை மணி நேரச் சம்பாஷணையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யப் போவதில்லை. ஆகையினால், புதிய முகங்களைக் கொண்டு வருவதே நோக்கமானால், சிறு வியாபாரிக்கு வலையொலியைப் போல் பலன் தாமதிக்கும் சாதனம் வேறில்லை. வரைபடத்தில் கடையின் இடத்தைச் சரியாகக் குறிப்பதற்கே நேரமின்றி இருப்பவர்கள் ஒலிவாங்கி வாங்கப் புறப்படுவது விநோதம்.

பின், இதனால் பிரயோசனமே இல்லையா? உண்டு; அது வேறிடத்தில் இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை வந்து போனவனை மறக்கவிடாமல் வைத்திருப்பதிலும், விலை பேசும் அவசரத்தில் சொல்ல முடியாத விஷயங்களைச் சாவகாசமாகச் சொல்லுவதிலும், கடைக்காரரின் அறிவையும் சுபாவத்தையும் வாடிக்கைக்காரர் அறியச் செய்வதிலும் இதற்கு இணையான சாதனம் குறைவு. கண்ணைக் கேட்கும் காணொளி, கையையும் கட்டிப்போடுகிறது. காதை மாத்திரம் கேட்கும் ஒலி, வேலை செய்பவனைத் தேடிச் செல்கிறது. தையல் இயந்திரத்தின் முன் இருப்பவளும், இரவு முழுதும் லொறி செலுத்துபவனும், வெங்காயப் பாத்தியில் களை பிடுங்குபவனும் ஒலியைக் கேட்கலாம். செலவும் அற்பம். விநாடிக்கு 64 கிலோபிட் வீதம் சுருக்கிய பேச்சு, அரை மணி நேரத்துக்குச் சுமார் 14 மெகாபைட் அளவே கொள்ளும். அதே நேரக் காணொளிக்குச் சாதாரணத் தரத்திலும் அதைப்போற் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். ரீலோட் போட்ட டேட்டா மாத முடிவு வரை தாங்குமா என்று எண்ணிப் பார்க்கும் வீடுகளில் இது அலட்சியப்படுத்தத்தக்க வித்தியாசமன்று. மேலும், ‘வொய்ஸ் போடுறேன்’ என்று சொல்லி வட்ஸ்அப்பில் குரலனுப்புவது நம் மக்களுக்கு எழுத்தைக் காட்டிலும் இயல்பாகிவிட்டது. உறவினருக்கு அனுப்பும் அந்தக் குரலின் நீட்சியாக ஒரு கடைக்காரரின் குரலும் அதே வழியில் போய்ச் சேருமானால், அதை வலையொலிச் செயலியில் வைத்தாரா, வட்ஸ்அப் குழுவில் போட்டாரா என்ற வாதம் வெறும் சம்பிரதாய வாதமே. கலேவெல போன்ற இடத்துக்கு இரண்டாவதே உசிதமென்பது நம் துணிபு.

இன்னொரு கூட்டத்தாரையும் இங்கே நினைக்க வேண்டும். மத்திய கிழக்கில் வேலை பார்க்கும் மகனோ சகோதரனோ இருக்கும் குடும்பங்கள் இலங்கையின் ஏனைய பகுதிகளைப்போல இப்பிரதேசத்திலும் உண்டு. வீடு கட்டும் ஓடும் கம்பியும், தங்கையின் கலியாணப் புடவையும், தகப்பனாரின் கண்ணாடியும் ஊரில் வாங்கப்பட்டாலும் பணம் தோஹாவிலிருந்தோ ரியாத்திலிருந்தோ வருகிறது; எந்தக் கடையில் வாங்குவது என்பதில் பணம் அனுப்புகிறவனின் சொல்லுக்குப் பெருமதிப்பு உண்டு. பெயர்ப்பலகையும் துண்டுப்பிரசுரமும் அவனை எட்டா. தன் ஊர்ச் சந்தியின் சப்தத்தோடும், தன் ஊர்ப் பேச்சின் தொனியோடும் ஒரு குரல் அவனுடைய அறைக்குள் வருமானால், அவன் அதை விளம்பரம் என்று தள்ளமாட்டான். வலையொலியின் மிகத் தெளிவான சந்தை அவனே என்று நாம் எண்ணுகிறோம். ஆச்சரியம் என்னவென்றால், சிறு வியாபாரிகளுக்கு எழுதப்படும் வழிகாட்டிகள் எதிலும் அவன் தலைகாட்டுவதில்லை.

கடைக்காரரே பேசிப் பெயர் பெற்றதற்கு உலகறிந்த உதாரணம், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஸ்பிரிங்பீல்ட் என்ற ஊரில் தம் தகப்பனாரின் மதுக்கடையை நடத்திய கேரி வேய்னர்சக். கலேவெலவின் வியாபாரிகளுட் பலர் இச்சரக்கின் பெயரைக் கேட்டே முகம் சுளிக்கக்கூடும். எனினும் வழிமுறை கவனிக்கத்தக்கது. 2006இல் அவர் தொடங்கிய வைன் லைப்ரரி டிவி என்ற இணைய நிகழ்ச்சியில், விலையுயர்ந்த சரக்கையும் பிடிக்கவில்லையானால் பிடிக்கவில்லை என்றே சொன்னார். தம் கடையிலே விற்கும் புட்டியைத் தாமே குறை சொன்னது, அடுத்த புட்டியைப் பற்றி அவர் சொன்ன புகழ்ச்சிக்கு மதிப்பைத் தந்தது. இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். நிகழ்ச்சி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1990களின் பிற்பகுதியில், அக்கடை இணையத்தில் விற்பனையை ஆரம்பித்துவிட்டது. ஆகவே கடையின் வளர்ச்சி முழுவதையும் நிகழ்ச்சியின் கணக்கில் எழுதுவது பிழை. மற்றது, ஆயிரம் பதிவுகள் கண்ட பின்னர் 2011இல் அந்நிகழ்ச்சி நின்றபோது, அவர் மதுக்கடைக்காரராக அன்றி விளம்பர நிறுவனமொன்றின் அதிபராகவும் மேடைப் பேச்சாளராகவுமே உலகத்துக்குத் தெரிந்தார். குரல் கடையைக் காட்டிலும் பெரிதாகிவிட்டது. அவருக்கு அது நஷ்டமன்று. ஆனால் கடையை வளர்ப்பதற்காகப் பேசத் தொடங்கி, பேச்சை வளர்ப்பதற்காகக் கடையைப் பிறரிடம் விட்டுவிடும் நிலை எல்லோருக்கும் லாபமாக முடியாது.

கலேவெலவில் எந்த வியாபாரத்துக்கு இது பொருந்தும் என்று ஆராய்ந்தால், விவசாய விதையும் உரமும் மருந்தும் விற்கும் கடையே முதலில் நினைவுக்கு வருகிறது. மாத்தளை மாவட்டத்தின் இவ்வட பகுதி பெரிய வெங்காயத்துக்குப் பெயர் போனது. தேவஹுவக் குளத்தின் கீழ் நெல்லும் விளைகிறது. நாற்றுமேடை எப்போது போடுவது, மழை பிந்தினால் என்ன செய்வது, இலை நுனி கருகினால் அது நோயா உரக் குறைவா என்பன போன்ற கேள்விகளுக்கு விவசாயி நாளும் விடை தேடுகிறான். தொழிலுக்கு வேண்டிய அறிவை இலவசமாகக் கொடுத்து, அதன் நிழலில் சரக்கை விற்கும் முறை புதிதன்று. கலப்பை செய்த ஜோன் டீர் நிறுவனம் 1895இலேயே உழவர்களுக்கென ‘த பர்ரோ’ என்ற சஞ்சிகையைத் தொடங்கி நடத்திற்று. நம் நாட்டிலேயே, இதே மத்திய மாகாணத்தில், 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமுதாய வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு ஓர் அரிய பரிசோதனையைச் செய்தது. கணினியையே காணாத கிராமவாசிகள் அனுப்பிய கேள்விகளை ஏற்று, அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, விஷயமறிந்தவர்களைக் கூட வைத்துக்கொண்டு, கேட்டவனுடைய மொழியிலேயே விளக்கினார்கள். கேள்வி ஊரிலிருந்து வந்தது. அதுவே அந்த நிகழ்ச்சியின் உயிர். வலையொலி நடத்த நினைக்கும் கடைக்காரர் வேறு எந்த நூலையும் படிக்காமல் கொத்மலையின் இந்த ஒரு முறையை மாத்திரம் பின்பற்றினாலே போதுமானது. இன்று என்ன பேசுவது என்று அவர் தலையைச் சொறிய வேண்டியதில்லை. கல்லாப்பெட்டியின் முன் நின்று வாடிக்கைக்காரர் கேட்கும் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், ஆண்டு முழுவதும் பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிடும்.

ஆயினும், இந்த முறைக்குள்ளே ஒரு பெருந்தோஷமும் ஒளிந்திருக்கிறது. பூச்சிமருந்து விற்கிறவரே பூச்சிக்கு மருந்து சொல்லும்போது, மருந்தே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய சந்தர்ப்பத்தில் அவர் வாய் அப்படிச் சொல்லுமா? விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை சொல்லும் உத்தியோகத்தருக்கு விற்பதற்குச் சரக்கில்லை, கடைக்காரருக்கு உண்டு. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அத்தடை நீக்கப்பட்ட காலத்தில், எதை நம்புவது என்று தெரியாமல் விவசாயிகள் பட்ட அவதி பிரசித்தம். அப்படிப்பட்ட வேளையில் அவர்களுடைய காதை வசப்படுத்தி வைத்திருக்கும் வியாபாரிக்குக் கிடைக்கும் அதிகாரம் சிறிதன்று. பழைய வர்த்தக சேவையில், பாட்டு எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்பது குழந்தைக்கும் தெரிந்திருந்தது. வலையொலியின் சல்லாபத்திலோ அந்த எல்லைக்கோடு அழிந்துபோகிறது. நண்பன் பேசுகிறான் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்பவனிடம் வியாபாரி பேசிக்கொண்டிருக்கிறான். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வீதியின் இருமருங்கிலும் உள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களில், மிளகையும் ஏலத்தையும் காட்டிக்கொண்டே வந்து, கடைசியில் சகல ரோகத்துக்கும் தைலம் நீட்டும் சாமர்த்தியத்தைக் கண்டவர்கள் இந்த அபாயத்தை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நுகர்வோரை ஏமாற்றும் கூற்றுக்களுக்கு இடமளிப்பதில்லை; குரலிற் சொன்னால் அது கூற்றாகாது என்று எவரும் நினைக்க வேண்டாம். பதிவின் தொடக்கத்திலேயே ‘நான் இந்தச் சரக்கை விற்கிறவன்’ என்று சொல்லிவிட்டுப் பேசுவதில் நேயர் ஒருவரும் குறைந்துபோகமாட்டார்.

சட்டத்தைத் தொட்ட இடத்தில் மற்றொன்று: தொடக்கத்திலும் முடிவிலும் சினிமாப் பாட்டை ஒட்டிவிடும் வழக்கம் அதே ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரணாக முடியலாம், வலைத்தளங்களும் அத்தகைய பதிவுகளைக் கேளாமலே நீக்கிவிடுகின்றன.

மொழி விஷயம் இதைவிடச் சிக்கலானது. கலேவெலவில் சிங்களம் பேசுவோரே பெரும்பான்மையினர். தமிழ் பேசும் முஸ்லிம்களும் கணிசமாக வாழ்கிறார்கள். கடைக்குள்ளே ஒரே மூச்சில் இரண்டு மொழியிலும் வியாபாரம் நடக்கிறது. முதலாளி ஒரு வாக்கியத்தைச் சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடித்தாலும் எவரும் திடுக்கிடுவதில்லை. பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சியில் அந்தச் சுதந்திரம் இல்லை. தமிழில் மாத்திரம் பேசினால் தன் வாடிக்கைக்காரரிற் பெரும்பகுதியை வெளியே நிறுத்தியவராகிறார். சிங்களத்தில் மாத்திரம் பேசினால் தன் நாவின் இயல்பான ருசியை இழக்கிறார். இரண்டிலும் தனித்தனியே செய்தால் வேலை இரட்டிக்கிறது. பெயர்ப்பலகையில் மூன்று மொழி எழுதுவதற்குப் பெயின்ட் சிறிது அதிகம் செலவாகும், அவ்வளவே, குரலில் அப்படியன்று. ரேடியோ சிலோன் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிச் சேவை வைத்திருந்தது. ஒரு தனிக் கடையால் அது இயலாது. தமிழ் பேசும் வாடிக்கைக்காரரையும் வெளிநாட்டிலுள்ள உறவினரையும் கருதித் தமிழ் நிகழ்ச்சி நடத்துவதே நியாயமான வரம்பு. ஊர் முழுவதற்கும் பேசுகிறோம் என்ற மயக்கம் மாத்திரம் கூடாது.

பலனை அளப்பதிலும் மயக்கம் உண்டு. எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற இலக்கத்தைத் தளங்கள் காட்டுகின்றன. பதிவிறக்கியவன் கேட்டானா, பாதியில் நிறுத்தினானா என்பதை அந்த இலக்கம் சொல்லாது. 2023இல் ஆப்பிள் தன் கைத்தொலைபேசியில், ஒருவர் கேளாமல் விட்டுவைத்த நிகழ்ச்சிகளைத் தானாக இறக்கிவைக்கும் வழக்கத்தைக் குறைத்தபோது, பெரிய பெரிய நிகழ்ச்சிகளின் கணக்குகளே சட்டென்று சரிந்தன. நேயர் எவரும் விலகிப்போகவில்லை, இல்லாத நேயரை எண்ணியிருந்தது மாத்திரம் வெளிப்பட்டது. சிறு வியாபாரிக்கு இந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம். பதிவின் நடுவே ஒரு சொல்லைக் கூறி, அதைக் கடையில் வந்து சொல்பவருக்குச் சிறு விலைக்கழிவு என்று அறிவித்தால், எத்தனை பேர் உண்மையாகக் கேட்டார்கள் என்பதை அந்த வாரமே காணலாம். பத்துப் பேர் வந்தாலும் அவர்கள் பத்துப் பேரும் இறுதிவரை கேட்டவர்கள். அப்படிப்பட்ட பத்துப் பேரைக் கொண்ட கடை அதிர்ஷ்டமுள்ள கடை.

சாதனங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைத்தொலைபேசியும், சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கியும் போதும், இரைச்சலே பகை. ஏ-6 வீதியில் லொறி ஹோர்ன் அடிக்காத நிமிஷம் அருமை. இந்தக் காரியத்தில் புடவைக்கடைக்காரர் பாக்கியசாலி; துணிக்கட்டுகள் கூரை மட்டும் அடுக்கிய அவருடைய களஞ்சிய அறையைப்போல எதிரொலி அடங்கிய இடம் சுலபத்தில் வாய்க்காது. அங்கே உட்கார்ந்து, எட்டுப் பதிவோடு நிறுத்தப்போகிறேன் என்று முதலிலேயே அறிவித்துவிட்டு, பெருநாளுக்கு முன்போ பெரும்போகத்துக்கு முன்போ தொடங்குவது விவேகம். வாரந்தோறும் என்றென்றைக்கும் பேசுவேன் என்று வாக்குக் கொடுத்து, மூன்றாம் மாதம் விக்கி நிற்பதைக் காட்டிலும் இது கௌரவமானது.

கடைசியாக, வியாபாரிகள் அதிகம் யோசியாத ஒரு விளைவு உண்டு. வானொலியிலே சொன்ன சொல் காற்றோடு போயிற்று. வலையொலியிலே சொன்ன சொல் கிடக்கிறது. முன்னொரு போகத்தில் ‘இந்த விதை முளைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவேன்’ என்று உற்சாகத்திலே சொன்ன வாக்கை, வாடிக்கைக்காரர் கைத்தொலைபேசியை நீட்டி, முதலாளியின் சொந்தக் குரலிலேயே அவருக்குத் திரும்பப் போட்டுக் காட்டலாம். அன்றன்றைய நிலவரத்துக்குத் தக்கபடி விலையும் வாக்கும் பேசிப் பழகிய கடைத்தெருவுக்கு இது சங்கடமான புதுமை. சொன்ன தேதியை ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கூறுவதும், விலையைச் சொல்லாமல் விடுவதும், நிறைவேற்ற முடியாத உறுதிமொழியை அறவே தவிர்ப்பதும் இதற்குச் சில தற்காப்புகள். வாக்குக் கொடுப்பதற்கே அஞ்சும் வியாபாரி ஒலிவாங்கியின் பக்கம் போகாதிருப்பது நல்லது. அவருக்கு ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டியே போதும், அது ஊரைச் சுற்றிவிட்டுப் போய்விடும்.